எது ஸ்போர்ட்ஸ் கார்? பழைய ஜெர்மன் வண்டிகளை வைத்து ஒரு கணக்கு

பழைய ஜெர்மன் கார்களின் விற்பனை விளம்பரங்களைக் கொஞ்ச நாள் பார்த்தால் ஒன்று புரியும். ரெண்டு கதவு, தாழ்வான கூரை, நீளமான பானட் இருந்தால் போதும், "கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார்" என்று போட்டுவிடுவார்கள். 30 குதிரைத்திறன் கொண்ட கார்மன் கியாவும் ஸ்போர்ட்ஸ் கார்தான். 215 குதிரைத்திறன் கொண்ட மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.லும் ஸ்போர்ட்ஸ் கார்தான். 500 குதிரைத்திறனைத் தாண்டிய போர்ஷே 917 கூட, பந்தய விதிப் புத்தகத்தின்படி, ஸ்போர்ட்ஸ் கார்தான். இந்த மூன்றும் ஒரே பெயருக்குள் அடங்கும் என்றால் அந்தப் பெயருக்கு என்னதான் அர்த்தம்?

வெட்டி விவாதம் மாதிரி தெரியும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. சும்மா பொழுதுபோக்காகத்தான் குறிப்பு எடுக்க ஆரம்பித்தேன். ஆனால் இந்த ஒரு சொல்லுக்கு யார் என்ன வரையறை எழுதினார்கள், அந்த வரையறையை யார் எப்படி வளைத்தார்கள் என்று தேடிப் போனால், ஒரு கட்டத்தில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிடுகிறது. அதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் பார்க்கிறேன்.

ஜெர்மன் மொழியில் மூன்று சொற்கள் உண்டு. டூரன்வாகன் என்றால் குடும்பத்தோடு ஊர் போகிற வண்டி. ரென்வாகன் என்றால் பந்தயத்துக்கு மட்டுமே கட்டிய வண்டி. அதைச் சாலையில் ஓட்ட முடியாது. ரெண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஸ்போர்ட்வாகன். இந்த "நடுவில்" என்பதுதான் சிக்கல். நடு என்பது எந்த இடம்?

இளவரசர் வைத்த போட்டி

கதையை 1908-இல் இருந்து தொடங்கலாம். ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் தம்பி இளவரசர் ஹைன்ரிஷ். கார் பைத்தியம். அவர் பெயரில் 1908 முதல் 1910 வரை மூன்று ஆண்டுகள் ஒரு நெடுந்தூரப் போட்டி நடந்தது. விதி எளிமையானது. பந்தய வண்டி கூடாது. நாலு பேர் உட்காரக்கூடிய டூரிங் வண்டியாக இருக்க வேண்டும். இன்ஜினின் திறனைக் கணக்கிட ஒரு சூத்திரமும் வைத்தார்கள். அதில் சிலிண்டரின் விட்டத்துக்குத்தான் முக்கியத்துவம்.

விதி எழுதினால் அதை வளைக்க ஒருவன் வருவான். இங்கே வந்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. அப்போது அவர் ஆஸ்ட்ரோ டைம்லர் கம்பெனியின் பொறியாளர். விட்டத்துக்குத்தானே கணக்கு, பிஸ்டன் போய்வருகிற நீளத்துக்கு இல்லையே? 105 மில்லிமீட்டர் விட்டம், 165 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். நாலு சிலிண்டருக்கு 5.7 லிட்டர் ஆகிவிட்டது. காற்றைக் கிழிப்பதற்காக உடலை டியூலிப் பூ மாதிரி, கீழே குறுகி மேலே விரியும்படி செய்தார்கள். நாலு சீட் இருந்தது, விதி மீறப்படவில்லை. 1910-இல் போர்ஷே தானே ஓட்டி முதலிடம் பிடித்தார்.

காகிதத்தில் அது டூரிங் வண்டி. சாலையில் அது அதைவிட வேகமான வேறொன்று. இதே போட்டியில் கலந்துகொண்ட பிரிட்டிஷ் வாக்ஸ்ஹால் வண்டியின் பெயரே பின்னாளில் "பிரின்ஸ் ஹென்றி" என்றாகிவிட்டது. உலகின் முதல் ஸ்போர்ட்ஸ் கார் அதுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆக, இந்த வண்டி வகை பிறந்ததே ஒரு விதியின் ஓட்டைக்குள்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஓட்டை போட்டுக் குறைத்த எடை

முதல் உலகப்போர் முடிந்து, டைம்லரும் பென்ஸும் 1926-இல் ஒன்றானபோது, அதே ஃபெர்டினாண்ட் போர்ஷே அங்கே தலைமைப் பொறியாளர். 1927-இல் மெர்சிடிஸ் எஸ் வந்தது. எஸ் என்றால் ஸ்போர்ட். அந்த ஜூன் மாதம் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையின் தொடக்க விழாப் போட்டியை ருடால்ஃப் கராச்சியோலா இந்த வண்டியில் ஜெயித்தார். அடுத்து எஸ்.எஸ்., அதாவது சூப்பர் ஸ்போர்ட். அடுத்து, சேஸிஸைக் குறுக்கி எஸ்.எஸ்.கே.; கே என்றால் குர்ஸ், ஜெர்மனில் குட்டை என்று பொருள். 7 லிட்டர் இன்ஜின், அதோடு ஒரு சூப்பர்சார்ஜர். ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தால்தான் சூப்பர்சார்ஜர் வேலை செய்யும். அப்போது அது போடுகிற ஊளைச் சத்தம் ரொம்பவே பிரபலம்.

ஆனால் எடை 1,700 கிலோ. அதனால் கடைசியாக ஒரு எழுத்தைச் சேர்த்தார்கள்: எஸ்.எஸ்.கே.எல். எல் என்றால் லைஷ்ட், அதாவது இலகு. சேஸிஸ் சட்டத்தில் வரிசையாக ஓட்டை போட்டு, நூறு கிலோவுக்கு மேல் எடையைக் குறைத்தார்கள். படம் கிடைத்தால் பாருங்கள், இட்லித் தட்டு மாதிரி இருக்கும். 1931-இல் இந்த வண்டியில்தான் கராச்சியோலா இத்தாலியின் மில்லே மில்லியா பந்தயத்தை ஜெயித்தார். இத்தாலியர் அல்லாத ஒருவர் அதை வென்றது அதுவே முதல் தடவை.

இங்கே என் முதல் குறிப்பு. எஸ்-இல் தொடங்கி எஸ்.எஸ்.கே.எல். வரை இன்ஜின் பலமும் கூடிக்கொண்டேதான் போனது. ஆனால் பெயரில் கடைசியாக ஏறிய ரெண்டு எழுத்துகள் எதைச் சொல்கின்றன? நீளத்தைக் குறைத்தோம், எடையைக் குறைத்தோம். பலம் கூடியதை அல்ல, எடுத்துப் போட்டதைப் பெருமையாகச் சொல்கிற பெயர்!

1936: ரெண்டு வண்டி, ஒரே வருஷம்

இதைச் சோதிக்க 1936 ரொம்ப வசதியான வருஷம். அந்த வருஷம் ரெண்டு வண்டிகள் வந்தன.

ஒன்று மெர்சிடிஸ் 540 கே. இந்த கே குட்டை அல்ல, கொம்ப்ரெஸர். 5.4 லிட்டர் இன்ஜின், 115 குதிரைத்திறன், சூப்பர்சார்ஜர் இறங்கினால் 180. உச்ச வேகம் மணிக்குச் சுமார் 170 கி.மீ. மைல் நீளப் பானட், அலை மாதிரி வழிந்து இறங்கும் மட்கார்டு. இன்றைக்கு ஏலத்தில் இதன் ரோட்ஸ்டர் வடிவத்துக்கு கோடிகளில் விலை. எடையோ 2 டன்னுக்கும் மேல்.

இன்னொன்று பி.எம்.டபிள்யூ 328. 1,971 சி.சி., ஆறு சிலிண்டர், 80 குதிரைத்திறன். சூப்பர்சார்ஜர் கிடையாது. எடை 830 கிலோ. வேகம் 150 கி.மீ. 1936 ஜூன் 14 அன்று நூர்பர்க்ரிங்கில் நடந்த ஐஃபல் பந்தயத்தில் எர்ன்ஸ்ட் ஹென்னே என்ற மோட்டார் சைக்கிள் சாதனையாளர் இதை முதன்முதலாக ஓட்டி, 2 லிட்டர் பிரிவில் ஜெயித்தார்.

காகிதத்தில் பார்த்தால் 540 கே.தான் பலசாலி, வேகமும் அதற்குத்தான் அதிகம். ஆனால் அதில் ஏறியவர் போக நினைத்த இடம் வேறு. பெர்லினில் இருந்து கடற்கரை ஓட்டலுக்குப் போய், வாசலில் நிறுத்தி, நாலு பேர் திரும்பிப் பார்க்க இறங்க வேண்டும். அதற்கான வண்டி அது. அந்த வேலையை அது நன்றாகவே செய்தது. 328-ஐ வாங்கியவர் சனிக்கிழமை அதை ஓட்டிக்கொண்டே பந்தயத்துக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை ஓடிவிட்டு, திங்கட்கிழமை அதே வண்டியில் வேலைக்குப் போக முடியும். 1940 வரை 464 வண்டிகள்தான் கட்டினார்கள். பெரும்பாலும் தனிநபர்களே வாங்கி, தாங்களே பந்தயத்துக்குக் கொண்டுபோனார்கள். 1940-இல் இதன் மூடிய கூரை வடிவம் ஒன்று மில்லே மில்லியாவையே வென்றது. சராசரி வேகம் மணிக்கு 166 கி.மீ.க்கும் மேல்.

ஆக, குதிரைத்திறனை அளந்து முடிவு செய்ய முடியாது. அழகை அளந்தும் முடியாது.

மரம் அறுக்கும் ஊரில் ஒரு 585 கிலோ

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு போர்ஷேயின் கம்பெனி ஆஸ்திரியாவில், க்முண்ட் என்ற சின்ன ஊரில், ஒரு பழைய மரம் அறுக்கும் ஆலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. 1948 ஜூன் 8 அன்று அங்கிருந்து ஒரு வண்டி சாலை உரிமம் பெற்றது. 356 நம்பர் 1. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் 1.1 லிட்டர் இன்ஜினைத் தட்டிக் கொட்டி 35 குதிரைத்திறனுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். 35! இன்றைக்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிளே அதைத் தாண்டிவிடும். ஆனால் வண்டியின் மொத்த எடை 585 கிலோ. அதனால் 135 கி.மீ. வேகம் வந்தது.

மூன்றே வருஷத்தில், 1951-இல், அலுமினிய உடல் கொண்ட ஒரு 356, பிரான்ஸில் நடக்கும் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தில் 1,100 சி.சி. பிரிவை வென்றது. மொத்தத்தில் 20-வது இடம்தான். ஆனால் அந்த இடத்தைப் பிடித்தது ஒரு பீட்டிலின் தம்பி.

1953-இல் 550 ஸ்பைடர். 550 கிலோ, 110 குதிரைத்திறன். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம் 1954 மில்லே மில்லியாவில் நடந்தது. ஓட்டியவர் ஹான்ஸ் ஹெர்மன், பக்கத்தில் ஹெர்பர்ட் லிங்கே. எதிரே ரயில்வே கேட் இறங்கிவிட்டது, ரயில் வருகிறது. பிரேக் போட்டால் நிற்காது. ஹெர்மன் லிங்கேயின் ஹெல்மெட்டில் ஒரு தட்டு தட்டினார். ரெண்டு பேரும் குனிந்தார்கள். வண்டி கேட்டுக்கு அடியிலேயே புகுந்து போய்விட்டது. அவ்வளவு தாழ்வான வண்டி. அந்த வருஷம் தங்கள் பிரிவை அவர்களே ஜெயித்தார்கள். ஹெர்மன், லிங்கே என்ற இந்த ரெண்டு பெயரும் மறுபடியும் வரும்.

அண்ணன் தம்பி: 300 எஸ்.எல்., 190 எஸ்.எல்.

1952-இல் மெர்சிடிஸ் பந்தயத்துக்குத் திரும்பியபோது கையில் புது இன்ஜின் இல்லை. இருந்தது 300 என்ற பெரிய செடானின் 3 லிட்டர் இன்ஜின்தான். பிரதமர் அடெனவர் சவாரி செய்த வண்டி வகை அது. கனமான, அடக்கமான இன்ஜின். பொறியாளர் ருடால்ஃப் ஊலன்ஹௌட் யோசித்தார்: பலத்தைக் கூட்ட வழியில்லை என்றால் எடையைக் குறைப்போம். மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்து ஒரு கூடு செய்தார்கள். அதன் எடை சுமார் 50 கிலோதான். ஆனால் கூடு பலமாக இருக்க வேண்டுமானால் பக்கவாட்டில் உயரமாக இருந்தாக வேண்டும். சாதாரணக் கதவு வைக்க இடமில்லை. அதனால்தான் கதவு மேல்நோக்கித் திறக்கிறது. உலகமே ரசிக்கும் அந்த இறக்கைக் கதவு அழகுக்காக வந்ததல்ல. எடை குறைத்ததன் பக்கவிளைவு.

அந்த வருஷமே லே மானையும் மெக்சிகோவின் கரேரா பனமெரிக்கானாவையும் இந்த வண்டி ஜெயித்தது. நியூயார்க்கில் ஐரோப்பிய வண்டிகளை இறக்குமதி செய்துவந்த மேக்ஸ் ஹாஃப்மன், இதைச் சாலைக்குக் கொடுங்கள், நான் விற்கிறேன் என்று நச்சரித்தார். 1954 பிப்ரவரியில் நியூயார்க் கண்காட்சியில் சாலை வடிவம் வந்தது. நேரடி எரிபொருள் பீச்சல், 215 குதிரைத்திறன். மொத்தம் 1,400 கூபேக்கள், பிறகு 1,858 ரோட்ஸ்டர்கள்.

அதே மேடையில் பக்கத்திலேயே ஒரு தம்பியும் நின்றான். 190 எஸ்.எல். அண்ணன் முகஜாடை அப்படியே. ஆனால் உள்ளே குழாய்க் கூடு இல்லை. மெர்சிடிஸ் 180 செடானின் தளத்தைக் குறுக்கிப் போட்டிருந்தார்கள். நாலு சிலிண்டர், 105 குதிரைத்திறன், எடை 1,160 கிலோ. 1955 முதல் 1963 வரை 25,881 வண்டிகள் விற்றன.

190 எஸ்.எல். ஸ்போர்ட்ஸ் காரா? பலரும் பட்டென்று "இல்லை, அது ஊர் சுற்றுகிற வண்டி" என்பார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே காலத்துப் போர்ஷே 356 சூப்பர் 70 குதிரைத்திறன், எடை 800 கிலோவுக்குச் சற்று மேல். டன்னுக்கு எத்தனை குதிரை என்று வகுத்தால் 190 எஸ்.எல். ஒன்றும் குறைந்துவிடவில்லை. போதாக்குறைக்கு 1956 மக்காவ் கிராண்ட் பிரீயை ஜெயித்ததே ஒரு 190 எஸ்.எல்.தான். டக் ஸ்டீன் ஓட்டினார்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? தொடக்கத்தில் மெர்சிடிஸ் இந்த வண்டிக்கு ஒரு பந்தயத் தொகுப்பும் அறிவித்திருந்தது. இலகுவான கதவு, சின்ன முன்கண்ணாடி, பம்பர் கிடையாது. அதற்கு ஆள் சேரவில்லை. வாங்கியவர்கள் கேட்டது வசதியை. வண்டி தன்னிடம் இருந்ததை இழக்கத் தயாராக இருந்தது. வாங்கியவர்கள்தான் தயாராக இல்லை. என் கணக்கில் 190 எஸ்.எல். சரியாக எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கிற வண்டி. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை முடிவு செய்தது தொழிற்சாலை அல்ல, வாடிக்கையாளர்.

கார்மன் கியாவும் (1955) ஓப்பல் ஜி.டி.யும் (1968) இதைவிட எளிய கேஸ்கள். ஒன்று பீட்டிலின் மேல் இத்தாலியச் சட்டை. இன்னொன்று ஓப்பல் கடெட்டின் மேல் குட்டி கார்வெட் சட்டை. ரெண்டும் அழகு, ரெண்டும் நம்பகமானவை. கார்மன் கியா நாலு லட்சத்துக்கும் மேல் விற்றது. இவற்றை ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒருவர் அழைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கொஞ்சம் ஆசை, கொஞ்சம் பெருமை, அவ்வளவுதான். வெளித்தோற்றத்தைப் பார்த்துப் பெயர் வைப்பதில் ஆபத்து கிடையாது.

ஆபத்து வந்தது எதிர்ப்பக்கத்தில் இருந்து. பந்தய வண்டிக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் வைத்தபோது.

பெயரில் மட்டும் ஸ்போர்ட்ஸ்

1955-இல் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். என்ற வண்டியை உலக ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன்ஷிப்பில் இறக்கியது. பெயரைப் பார்த்தால் 300 எஸ்.எல்.லின் உறவு மாதிரி இருக்கும். உண்மையில் அது கம்பெனியின் கிராண்ட் பிரீ வண்டியான டபிள்யூ 196-தான். இன்ஜினை 3 லிட்டராக்கி, ரெண்டாவது சீட்டுக்கு இடம் ஒதுக்கி, விளக்கு வைத்தார்கள். 300 குதிரைத்திறனுக்கு மேல். கடையில் போய் வாங்க முடியாது. கட்டியதே ஒன்பது சேஸிஸ்தான்.

மே 1 அன்று ஸ்டெர்லிங் மாஸும் டெனிஸ் ஜென்கின்சனும் இதில் மில்லே மில்லியாவின் 1,600 கி.மீ. பொதுச்சாலையை 10 மணி 7 நிமிடம் 48 நொடியில் முடித்தார்கள். சராசரி 157 கி.மீ.க்கும் மேல். பிரமிக்க வேண்டிய சாதனைதான், சந்தேகமே இல்லை. ஆறு வாரம் கழித்து, ஜூன் 11, லே மான். பிட்டுக்குத் திரும்ப ஒரு ஜாகுவார் பிரேக் போட, பின்னால் வந்த சின்ன ஆஸ்டின் ஹீலி அதைத் தவிர்க்க விலக, அதைவிட வேகமாக வந்த பியர் லெவேயின் 300 எஸ்.எல்.ஆர். அதன் மேல் ஏறிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. லெவேயும் 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தார்கள். மோட்டார் பந்தய வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இல்லை.

குறுகலான பாதையும் பிட் அமைப்பும்தான் இதற்கு முதல் காரணங்கள். பெயர் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே பாதையில், "ஸ்போர்ட்ஸ் கார்" என்ற ஒரே சொல்லின் கீழ், கடையில் வாங்கக்கூடிய வண்டியின் உறவும் கிராண்ட் பிரீ வண்டியின் உறவும் ஒன்றாக ஓடின. அந்த வேக வித்தியாசத்தை உள்ளே விட்ட கதவு அந்தச் சொல்தான்.

25 வண்டி என்ற வரையறை

பிறகு விதி எழுதுகிறவர்கள் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை வண்டி கட்டினால்தான் ஸ்போர்ட்ஸ் கார். நியாயமான யோசனை. பலருக்கு விற்கிற வண்டி என்றால் அது பலரும் ஓட்டக்கூடிய வண்டியாகத்தானே இருக்கும்?

1968-இல் 3 லிட்டருக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 50 என்று இருந்த எண்ணிக்கையை 1969-க்கு 25 ஆக இறக்கினார்கள். ஏற்கெனவே இருக்கிற ஃபோர்டு ஜி.டி. 40, லோலா மாதிரியான வண்டிகள் தொடர்ந்து ஓடட்டும் என்பதுதான் நோக்கம். 5 லிட்டர் வரை அனுமதி. புதிதாக 25 வண்டி கட்ட எந்தப் பைத்தியக்காரன் பணம் போடுவான் என்று நினைத்துவிட்டார்கள்.

ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் பேரன் ஃபெர்டினாண்ட் பீயெச் போட்டார். 4.5 லிட்டர், 12 சிலிண்டர், சுமார் 800 கிலோ, 500-க்கும் மேல் குதிரைத்திறன். அதுதான் 917. முதல் தடவை அதிகாரிகள் வந்தபோது முழுதாக முடிந்த வண்டிகள் ஒரு சிலவே. மீதிக்கு உதிரிபாகங்கள் இருக்கின்றன என்றார்கள். முடியாது, முழு வண்டியைக் காட்டு என்று திருப்பி அனுப்பினார்கள். உடனே அலுவலக ஊழியர்கள் வரை எல்லோரையும் இறக்கி வண்டிகளைப் பூட்ட வைத்தார்கள். 1969 ஏப்ரலில் ஸ்டுட்கார்ட் தொழிற்சாலை முற்றத்தில் 25 வெள்ளை வண்டிகள் வரிசையாக நின்றன. விரும்பியதை ஏறி ஓட்டிப் பாருங்கள் என்றார் பீயெச். யாரும் ஏறவில்லை.

தாத்தா 1910-இல் செய்ததைத்தான் பேரன் 1969-இல் செய்தார். மென்பொருள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே பழக்கம். டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ். ஆனால் டெஸ்ட் எழுதியதன் நோக்கம் ஃபெயில்.

சிக்கல் என்னவென்றால், அந்த வண்டி அப்போது தயாராகவே இல்லை. அதிவேகத்தில் பின்பக்கம் தரையை விட்டு எழும்பியது. கம்பெனியின் சொந்த ஓட்டுநர்களே அதை ஓட்டத் தயங்கினார்கள். ஆனால் விதிப்படி அது ஸ்போர்ட்ஸ் கார். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பணம் கொடுப்பவருக்கு விற்கலாம். ஜான் வூல்ஃப் என்ற பிரிட்டிஷ் தனிநபர் ஒன்றை வாங்கினார். 917-ஐ வாங்கிப் பந்தயத்தில் இறக்கிய முதல் தனிநபர் அவர்தான். அவருக்கு இணை ஓட்டுநராக இருந்தவர், ரயில்வே கேட்டுக்கு அடியில் குனிந்து தப்பித்த அதே ஹெர்பர்ட் லிங்கே. 1969 ஜூனில் லே மானில் முதல் சுற்றை வூல்ஃப் எடுத்துக்கொண்டார். அந்த முதல் சுற்றிலேயே மெஸோன் பிளான்ஷ் வளைவருகே வண்டி கட்டுப்பாட்டை இழந்தது, அவர் இறந்தார். லிங்கேயின் முறை வரவே இல்லை.

அந்தப் பந்தயத்தை ஜெயித்தது எது தெரியுமா? எந்தப் பழைய வண்டி பிழைக்கட்டும் என்று விதியைத் தளர்த்தினார்களோ, அதே ஃபோர்டு ஜி.டி. 40. சுமார் 120 மீட்டர் வித்தியாசத்தில் ரெண்டாவது வந்தவர் சிறிய போர்ஷே 908-ஐ ஓட்டிய ஹான்ஸ் ஹெர்மன். அந்த வருஷ இறுதியில் பின்புறத்தை வெட்டி மேலே தூக்கி 917-ஐச் சரிசெய்தார்கள். 1970-இல் ஹெர்மனும் ரிச்சர்ட் ஆட்வுட்டும் அதே 917-இல் லே மானை வென்றார்கள். போர்ஷேக்கு அது முதல் முழு வெற்றி. அதோடு ஹெர்மன் பந்தயத்தை விட்டார். சரிசெய்த 917 ஒரு மகத்தான வண்டி. அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் 1969 ஜூனில் அதை ஒரு தனிநபர் வாங்க முடிந்ததற்குக் காரணம் ஒரே ஒரு எண்: 25.

குறைப்பதற்குத் தனிக் காசு

கடைசி உதாரணம், 1973 மாடல் போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். 2.7. இதுவும் பந்தய விதிக்காகப் பிறந்ததுதான். 500 வண்டி விற்க வேண்டும். ஆனால் இந்த முறை வழி வேறு. முற்றத்தில் நிறுத்திக் காட்டவில்லை; சாலையில் நம்பர் பிளேட்டோடு ஓடுகிற, 210 குதிரைத்திறன் கொண்ட ஒழுங்கான வண்டியைக் கட்டினார்கள். 500 போகுமா என்ற விற்பனைப் பிரிவின் கவலை பொய்த்து, கடைசியில் 1,580 ஆயிற்று.

வாங்குகிறவருக்கு ரெண்டு தேர்வு. ஸ்போர்ட் என்றால் பின்சீட் கிடையாது, கடிகாரம் கிடையாது, கதவு திறக்க ஒரு வார். எடை சுமார் 960 கிலோ. டூரிங் என்றால் வழக்கமான வசதிகள் எல்லாம் உண்டு. நூறு கிலோவுக்கு மேல் கூடுதல். ஸ்போர்ட் தேர்வுக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதாவது, எடுத்துப் போடுவதற்குக் கூலி. டூரிங் கேட்டவர்கள் 1,308 பேர். ஸ்போர்ட் கேட்டவர்கள் 200 பேர்.

190 எஸ்.எல். வாங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது இல்லையா? மனிதர்கள் எப்போதும் அப்படித்தான். நமக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயர் வேண்டும், கடிகாரமும் வேண்டும்.

என் கணக்கு

இத்தனையும் வைத்து நான் மூன்று கேள்விகளுக்கு வந்து சேர்கிறேன். ஒன்று, அந்த வண்டி தன் சக்கரத்திலேயே சாலையில் போய், வேகமாக ஓடி, திரும்பி வீடு வருமா? ரெண்டு, ஓட்டுகிற சுகத்துக்காக வேறு எதையாவது அது விட்டுக்கொடுத்திருக்கிறதா? மூன்று, காசு கொடுத்து வாங்குகிற ஒரு தேர்ந்த ஓட்டுநரின் கையில் அதை மனசாட்சியோடு கொடுக்கலாமா?

பி.எம்.டபிள்யூ 328, போர்ஷே 356, 300 எஸ்.எல்., 911 ஆர்.எஸ். ஆகியவை மூன்றிலும் தேறும். 300 எஸ்.எல். மூன்றாவதில் கொஞ்சம் தடுமாறித்தான் தேறும். கூபேயின் பின் அச்சு வளைவில் எதிர்பாராமல் வாரிவிடக்கூடியது, 1957 ரோட்ஸ்டரில்தான் அதைத் திருத்தினார்கள். 540 கே., கார்மன் கியா, ஓப்பல் ஜி.டி. ஆகியவை ரெண்டாவது கேள்வியில் நின்றுவிடும். 300 எஸ்.எல்.ஆர். முதல் கேள்வியிலும் மூன்றாவதிலும் தேறாது.

917? 1975-இல் ரோஸி என்ற இத்தாலியப் பிரபு ஒரு 917-க்கு சைலன்ஸர், கண்ணாடி, தோல் இருக்கை எல்லாம் வைத்து, ஐரோப்பாவில் உரிமம் கிடைக்காமல் அமெரிக்காவின் அலபாமா மாநில நம்பர் பிளேட் மாட்டி, ஸ்டுட்கார்ட்டில் இருந்து பாரிஸ் வரை ஓட்டிக்கொண்டு போனார். முதல் கேள்வியை அப்படி ஒருவர் தாண்டிக் காட்டிவிட்டார். ரெண்டாவதில் அது என்றைக்குமே தேறியதுதான். மூன்றாவது கேள்விக்கான பதில் லே மானில், மெஸோன் பிளான்ஷ் வளைவருகே இருக்கிறது.

விதிப் புத்தகம் எண்ணிக்கையைக் கேட்டது, விளம்பரம் தோற்றத்தைக் கேட்டது. மூன்றாவது கேள்வியை ரெண்டும் கேட்கவில்லை.